கொடியில் உட்கார்ந்திருக்கும் கல் பறவை

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஜிம்பாப்வே கொடி பழக்கமானதுதான். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மாறிமாறி ஏழு பட்டைகள். இடது ஓரத்தில் வெள்ளை முக்கோணம். அதற்குள் சிவப்பு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் மேல் மஞ்சளாக ஏதோ ஒன்று. டிவி மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொடியைக் காட்டும்போது, அது கழுகா, கிளியா, சதுரங்கக் காயா என்று பிடிபடாது. உற்றுப் பார்த்தால் பறவை என்று தெரியும். இறக்கையை மடக்கி, கழுத்தை நிமிர்த்தி, யாரோ ‘அசையாதே’ என்று சொன்ன மாதிரி விறைத்துக்கொண்டு ஒரு பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

விறைப்புக்குக் காரணம் இருக்கிறது. அது பறவையின் படம் அல்ல, பறவைச் சிலையின் படம்.

இந்த வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். தேசியப் பறவை என்றால் நமக்கு மயில். மயில் என்கிற இனத்தையே நாடு தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. வயலில் நெல்லைக் கொத்தித் தின்றுவிட்டுப் போகிற மயிலும் அதில் சேர்த்தி. ஜிம்பாப்வே பறவை அப்படி இல்லை. அது காட்டில் பறக்காது. உலகத்தில் மொத்தமே எட்டுதான் இருந்தன, எட்டும் கல். இதற்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கத்தைச் சொல்லலாம். அதுவும் காட்டுச் சிங்கம் இல்லை. சாரநாத்தில் அசோகர் தூணின் உச்சியில் இருந்து, மண்ணுக்குள் உடைந்து கிடந்து, 1904–05 அகழாய்வில் வெளியே வந்த சிலை. 1950இல் குடியரசின் சின்னமாகிவிட்டது. பழைய சிற்பம் ஒன்று புது நாட்டின் முத்திரையாவது என்றால் இதுதான்.

ஜிம்பாப்வே இதில் ஒரு படி மேலே போனது. கொடியில் பறவை, 1981இல் ஏற்ற அரசுச் சின்னத்தின் உச்சியில் பறவை, காசுகளில் பறவை. பண வீக்கம் தலைவிரித்தாடிய 2009இல் வெளியிட்ட நூறு டிரில்லியன் டாலர் நோட்டு பலருக்கு ஞாபகம் இருக்கும், ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர். அந்த நோட்டிலும் ஒளிந்து உட்கார்ந்திருப்பது இதே பறவைதான். நாட்டின் பெயர் மட்டும் என்ன? பறவை கிடைத்த இடத்தின் பெயர்.

சரி, அந்த இடத்துக்கு வருவோம்.

ஜிம்பாப்வேயின் தென்பகுதியில் மஸ்விங்கோ என்று ஒரு ஊர். தலைநகர் ஹராரேயிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர். அந்த ஊரிலிருந்து இன்னும் 30 கிலோமீட்டர் போனால் கருங்கல் குன்று ஒன்றும், அதன் மேலும் கீழும் பரவிக் கிடக்கும் கல்மதில்களும் வரும். ஏறக்குறைய 720 ஹெக்டேர், கிட்டத்தட்ட 1,800 ஏக்கர். இதுதான் கிரேட் ஜிம்பாப்வே. ஷோனா மொழியில் ‘சிம்பா ஸா மாப்வே’ என்பது போல ஒலிக்கும் ஒரு தொடருக்குக் கல் வீடுகள் என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் பெயர் என்பது பரவலான விளக்கம். இதே மாதிரி சின்னச் சின்னக் கல் குடியிருப்புகள் அந்தப் பீடபூமி முழுக்க நூற்றுக்கும் மேல் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது என்பதால் இதற்கு ‘கிரேட்’ ஒட்டிக்கொண்டது.

11ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி 15ஆம் நூற்றாண்டு வரை கட்டியிருக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால், தஞ்சைப் பெரிய கோவில் எழும்பிய நூற்றாண்டில் அங்கே வேலை ஆரம்பம். கட்டியவர்கள் இன்றைய ஷோனா மக்களின் முன்னோர். மூன்று பகுதிகள். குன்றின் மேல் ஒரு வளாகம். கீழே சமவெளியில் பெருமதில் என்று சொல்லத்தக்க ஒரு பெரிய வட்டச் சுற்றுச்சுவர். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கில் சிதறிக் கிடக்கும் சின்ன மதில்கள். பெருமதிலின் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் சில இடங்களில் 11 மீட்டர், அதாவது மூன்று மாடி. அடியில் அகலம் 5 மீட்டர்வரை போகிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பிடி சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. செங்கல் அளவுக்கு உடைத்த கருங்கல்லைக் கல்மேல் கல்லாக அடுக்கியே நிறுத்தியிருக்கிறார்கள். மேலே போகப்போகச் சுவர் லேசாக உள்பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் அதைத் தாங்குகிறது.

கல் எங்கிருந்து? அந்தப் பக்கத்துக் கருங்கல் பாறைகள் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கி, வெங்காயத் தோல் மாதிரி பாளம் பாளமாக உரியும். தானாக உரிவது போதாத இடத்தில் பாறைமேல் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றிப் பிளப்பது ஒரு வழி. தீ வைத்துப் பாறையைப் பிளப்பது நம் ஊர்க் கல்லுடைப்பவர்களுக்கும் தெரிந்த வித்தைதான்.

மதில்களுக்குள் அரண்மனை இல்லை, மண் வீடுகள்தான். களிமண் சுவர், கூரை வேய்ந்த வட்ட வீடுகள். செல்வம் வந்த வழி மாடும் தங்கமும். உள்நாட்டுத் தங்கமும் யானைத் தந்தமும் இந்தியப் பெருங்கடல் கரைக்குப் போயின. சோஃபாலா துறைமுகம், அங்கிருந்து கரையோரமாக வடக்கே கில்வா என்ற தீவு நகரம், அப்புறம் கடல் தாண்டி. திரும்பி வந்ததில் சீனப் பீங்கான் உண்டு, பாரசீகப் பாண்டம் உண்டு, இந்தியாவில் செய்த கண்ணாடி மணிகள் உண்டு. கில்வா சுல்தானின் பெயர் பொறித்த ஒரு காசும் இங்கே கிடைத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர் காலியாகத் தொடங்கியது. மேய்ச்சல் நிலமும் விறகும் தீர்ந்ததா, வணிகப் பாதை வடக்கே நகர்ந்ததா, இரண்டுமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பறவைகள் இருந்தது பெரும்பாலும் குன்றின் மேல். அங்கே கிழக்குப் பக்கமாக ஓர் அடைப்பு உண்டு. வழிபாட்டிடமாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எட்டில் ஆறு அங்கிருந்து வந்தவை. உயரமான ஒற்றைக் கல்தூண், சுமார் ஒரு மீட்டர். அதே கல்லின் உச்சியில் பறவை, சுமார் 40 சென்டிமீட்டர். தனியாகச் செய்து ஒட்டியது இல்லை. ஒரே கல்லில் கீழே தூண், மேலே பறவை. தூணை நட்டு நிறுத்தினால் பறவை கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கு வந்து நம்மைப் பார்க்கும்.

கல் என்ன கல் என்று தெரிந்தால் சிற்பம் இன்னும் கிட்டத்தில் வரும். மதில் கருங்கல், பறவை கருங்கல் இல்லை. அது மாக்கல். வீட்டில் கல்சட்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். வற்றல் குழம்பு வைக்கிற அந்தச் சாம்பல் நிறச் சட்டி அதே வகைக் கல். சிலேட்டில் எழுதிய பலப்பமும் அதுதான். புதுக் கல்சட்டியைக் கையால் தடவினால் சோப்பு மாதிரி வழுக்கும், விரலில் வெள்ளை மாவு ஒட்டும், நகத்தால் கீறினால் கோடு விழும். அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்குச் சோப்புக்கல் என்றே பெயர். கருங்கல்லில் உளி துள்ளும்; மாக்கல்லில் கத்தியே இறங்கும். அதனால் இறகின் கோடு, கழுத்தில் வளையம், தூணில் வளைவு நெளிவான பட்டை என்று நுணுக்கமாகச் செதுக்க முடிந்தது. அதே மென்மையால்தான், பின்னால் வரப்போகிற ஆசாமி ஒருவர் அதை லேசாக வெட்டி எடுக்கவும் முடிந்தது.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி. இது என்ன பறவை?

பார்த்தால் கழுகு ஜாதி. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் குழப்பம். சிலவற்றுக்கு அலகு இருக்க வேண்டிய இடத்தில் உதடு இருக்கிறது. கூர்நகம் இருக்க வேண்டிய இடத்தில் மனிதனின் கால்விரல் மாதிரி விரல்கள். செதுக்கியவருக்குக் கழுகு தெரியாமல் இருந்திருக்காது. அந்த வானத்தில் தினமும் பார்த்த பறவை. தெரிந்தே மனித உறுப்பைச் சேர்த்திருக்கிறார் என்றால், அவர் செதுக்கியது வெறும் பறவை இல்லை. தாமஸ் ஹஃப்மன் என்ற தொல்லியலாளர் தரும் விளக்கம் இப்படிப் போகிறது. ஷோனா நம்பிக்கையில் இறந்த அரசர்களின் ஆவிதான் மக்களுக்காக ம்வாரி என்ற கடவுளிடம் பேசும். கழுகு மிக உயரத்துக்குப் போய்வரும் பறவை, ஆகவே அது தூது. அப்படியானால் ஒவ்வொரு தூணும் ஓர் அரச முன்னோரைக் குறிக்கலாம்.

இன்னொரு கட்சி குலச்சின்னத்தைச் சொல்கிறது. ஷோனா மக்களிடையே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ பறவையோ சின்னமாக உண்டு. மீன்கழுகைக் குறிக்கும் ‘ஹுங்வே’ அதில் ஒன்று. ஆக, இது மீன்கழுகு. இல்லை இல்லை, ‘சாபுங்கு’ என்று ஷோனாவில் சொல்லும் குட்டை வால் கழுகு என்பார்கள் வேறு சிலர். எனக்கு ஹஃப்மன் சொல்வதுதான் சிலையின் உதட்டுக்கும் விரலுக்கும் பதில் சொல்வதாகப் படுகிறது. குலச்சின்னம் மட்டும்தான் என்றால் அலகை எதற்கு உதடாக்க வேண்டும்?

ஆனால் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் காலம் மட்டும் இல்லை, அங்கே போனவர்களும்தான்.

1871இல் கார்ல் மாவ்ச் என்ற ஜெர்மானியர் அந்த இடத்துக்குப் போனார். ஒரு வாசலின் மர நிலையிலிருந்து சிராய் ஒன்றைப் பெயர்த்து மோந்து பார்த்தார். தன் பென்சில் கட்டையின் மணம் வந்ததாம். பென்சில் தேவதாரு மரம், தேவதாரு வருவது லெபனானிலிருந்து, லெபனான் மரத்தில் கட்டியவர் பைபிளில் வரும் சாலமோன், அப்படியானால் இது ஷீபா நாட்டு அரசியின் அரண்மனை என்று போய் நின்றார். ஒரு பென்சிலிலிருந்து ஓர் அரசி வரை. அந்த மரம் ஆப்பிரிக்க மரம்தான். ஆனால் கதை நிலைத்துவிட்டது, ஏனென்றால் அது பலருக்கு வசதியாக இருந்தது.

1889இல் வில்லி பாஸெல்ட் என்ற வேட்டைக்காரர் குன்றின் மேல் ஏறி, பறவைகளைப் பார்த்தார். நல்ல நிலையில் இருந்த ஒன்றை எடுக்கப் போனபோது அந்த ஊர் மக்கள் கொதித்துப்போய் ஆயுதங்களோடு திரண்டார்கள். அது அவர்களுக்குப் புனித இடம். கம்பளியும் இன்னும் சில பொருள்களும் கொடுத்துப் பேரம் முடித்தார் பாஸெல்ட். பறவையோடு சேர்ந்த தூண் சுமக்க முடியாத கனம். என்ன செய்தார்? தூணை வெட்டிப் போட்டுவிட்டுப் பறவையை மட்டும் எடுத்துக்கொண்டார். மாக்கல்லின் மென்மை என்று சொன்னேனே, இங்கேதான். இதெல்லாம் வேறு யாரும் அவர்மேல் சுமத்திய குற்றச்சாட்டு இல்லை. அவரே எழுதிவைத்தது.

அந்தப் பறவை செசில் ரோட்ஸ் கைக்கு வந்தது. வைரச் சுரங்க முதலாளி, 1890இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் காலனியின் பிரதமர், பின்னால் இன்றைய ஜிம்பாப்வேக்கே ரொடீசியா என்று தன் பெயர் விழும்படி செய்தவர். கேப் டவுனில் க்ரூட் ஸ்கூர் என்ற தன் மாளிகையில் பறவையை வைத்தார். மாளிகையின் மாடிப்படிக் கைப்பிடிகளில் மரத்தில் அதன் நகல்களைச் செதுக்க வைத்தார். இவ்வளவு ஆசை எதற்கு? கற்பனைக்கு இடமில்லாமல் புரிகிற விஷயம். கடல் கடந்து வந்த ஏதோ பழைய நாகரிகம், பினீசியரோ வேறு யாரோ, ஆப்பிரிக்காவின் நடுவில் தங்கம் எடுத்து நகரம் கட்டியிருக்கிறது என்றால், இப்போது கடல் கடந்து வருகிற நாமும் அதைத்தானே செய்கிறோம்? பறவை அந்த வாதத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்தது.

1891இல் ரோட்ஸின் ஆதரவில் தியோடர் பென்ட் என்ற ஆங்கிலேயர் தோண்டினார். அவர் எடுத்த பறவைகளும் கேப் டவுன் போயின. அப்புறம் ரிச்சர்ட் ஹால். 1902 முதல் இடத்தைப் பராமரிக்க நியமனம் பெற்றவர். பராமரிப்பு என்றால் அவருக்குச் சுத்தம் செய்வது. பிற்கால ஆப்பிரிக்கர் போட்ட குப்பை என்று சொல்லி, மூன்று மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள மண் படிவத்தைப் பல இடங்களில் வாரிக் கொட்டினார்.

இதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். வீட்டு மூலையில் அடுக்கிவைத்த செய்தித்தாள் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. நடுவில் ஒரு ரசீது செருகியிருந்தால், அதற்கு மேலும் கீழும் இருக்கும் தேதியை வைத்து ரசீது எந்த வாரத்தது என்று சொல்லிவிடலாம். மண் படிவமும் அதே மாதிரிதான். பறவைத் தூண் எந்த அடுக்கில் நின்றது, பக்கத்தில் என்ன பானை, என்ன மணி, எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று தெரிந்திருந்தால், அது அரசரின் நினைவுக்கல்லா குலச்சின்னமா என்ற சண்டை பாதி தீர்ந்திருக்கும். ஹால் செய்தது, பழைய பேப்பர்காரர் கட்டைப் பிரித்துச் சாக்கில் அள்ளிப் போடுகிற வேலை. ஆனால் 1903இல் பள்ளத்தாக்கில் ஒரு மதிலருகே இன்னொரு பறவையைக் கண்டெடுத்தவரும் அவரே. இன்று கொடியில் இருப்பது அந்தப் பறவை.

அதை அருகில் பார்ப்போம். எட்டில் மிக முழுமையானது இது. மார்பு முன்னே தள்ளி, தலை நிமிர்ந்து நிற்கிறது. அதன் தூணின் முகப்பில் ஒரு முதலை. கீழிருந்து மேலாக, பறவையை நோக்கி ஏறுவது போல் செதுக்கியிருக்கிறார்கள். முதலைக்கும் பறவைக்கும் நடுவே நெளிகோட்டுப் பட்டை ஒன்று. நீரில் வாழ்வது ஏறுகிறது, வானில் வாழ்வது உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அரச அதிகாரத்துக்கு முதலை ஒரு குறியீடு என்பார்கள். எதுவானாலும், அந்த முதலை இன்னும் ஏறிக்கொண்டே இருப்பது மாதிரி ஒரு தோற்றம் இருக்கிறதே, அதை யாரோ ரசித்துச் செய்திருக்கிறார்.

ஷீபா கதைக்கு முதல் அடி 1905இல் விழுந்தது. டேவிட் ராண்டல்-மக்ஐவர் என்ற தொல்லியலாளர் முறையாகத் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியது, இடைக்காலத்தைச் சேர்ந்தது என்றார். குடியேறிய வெள்ளையர் நம்பவில்லை. 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர் வந்தார். யாரும் கைவைக்காத இடமாகத் தேடித் தோண்டினார், அதே முடிவுக்குத்தான் வந்தார். ஆய்வுலகில் விவாதம் அத்தோடு முடிந்தது.

அரசியலில் முடியவில்லை. 1965இல் ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட பிறகு, கட்டியவர் ஆப்பிரிக்கர் என்று எழுதுவதே சங்கடமாகிவிட்டது. வழிகாட்டிப் புத்தகம், அருங்காட்சியக விளக்கப் பலகை எல்லாவற்றிலும் கட்டியவர் யார் என்பதை மழுப்பச் சொல்லி நெருக்கடி. நினைவுச்சின்னங்களின் ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970இல் பதவியை விட்டு நாட்டைவிட்டே போனார்.

இங்கேதான் வேடிக்கை. அதே ஆட்சி அந்தப் பறவையை விடவில்லை. 1924இல், நாடு தெற்கு ரொடீசியா என்ற பெயரில் இருந்தபோது, அதற்குக் கிடைத்த சின்னத்தின் உச்சியிலேயே கல் பறவை உண்டு. 1968இல் ஏற்றிய பச்சை-வெள்ளை-பச்சைக் கொடியின் நடுவில் அந்தச் சின்னம் இருந்ததால், கொடியிலும் பறவை இருந்தது. செய்தவரை மறுக்க வேண்டும், செய்ததை வைத்துக்கொள்ள வேண்டும். அதே வருடங்களில் காட்டுக்குள் துப்பாக்கியோடு அந்த ஆட்சியை எதிர்த்தவர்கள் தங்கள் நாட்டுக்கு வைத்திருந்த பெயர் ஜிம்பாப்வே. 1960களின் தொடக்கத்திலேயே கட்சிகளின் பெயரில் அது ஏறிவிட்டது. ஒரே கல் மதிலுக்கும் ஒரே பறவைக்கும் இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தன. 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை வந்தபோது பழைய கொடி போயிருந்தது, பறவை போகவில்லை. பறவை மட்டும் புதுக் கொடியில் வந்து உட்கார்ந்தது. ஒரு சின்னம் எதைக் குறிக்கிறது என்பதை அதன் வடிவம் முடிவு செய்வதில்லை, யார் கையில் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

கொடியில் பறவை வந்துவிட்டது. கல் பறவைகள் பாதிக்கு மேல் வெளிநாட்டில். அவற்றை மீட்ட கதை தனி.

1981இல் தென்னாப்பிரிக்கா நான்கு பறவைகளைத் திருப்பிக் கொடுத்தது. சும்மா இல்லை, பண்டமாற்று. அன்றைக்கு அங்கே நிறவெறி ஆட்சி. பக்கத்தில் புதிதாக விடுதலையான கறுப்பினத்தவர் ஆட்சிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்களா? ஜிம்பாப்வே அருங்காட்சியகத்தில் உலகப் புகழ்பெற்ற ஒரு பூச்சிச் சேகரம் இருந்தது. தேனீ, குளவி, எறும்பு வகைகள், ஊசி குத்திப் பெட்டி பெட்டியாக. அதை வாங்கிக்கொண்டு பறவைகளைக் கொடுத்தார்கள். கல் கழுகுக்கு விலை செத்த குளவி. ரோட்ஸ் மாளிகைப் பறவை மட்டும் அப்போது வரவில்லை. மாளிகையை அவர் உயில் எழுதி நாட்டுக்கு விட்டிருந்ததால், அதற்குள் இருந்த பறவை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது.

இன்னொரு பறவைக்கு உடம்பு ஒரு கண்டத்தில், தூண் வேறு கண்டத்தில். அந்தத் தூண் பகுதி ஒரு ஜெர்மானிய மிஷனரி கைக்குப் போய், 1907இல் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு விலைபோனது. இரண்டாம் உலகப் போர் முடிவில் சோவியத் படை பெர்லினுக்குள் வந்தபோது, அது லெனின்கிராடுக்குப் போயிற்று. பனிப்போர் ஓய்ந்து ஜெர்மனி ஒன்றானபின் பெர்லினுக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் 2003இல் ஜிம்பாப்வே திரும்பி, அங்கே காத்திருந்த மேல்பாதியோடு சேர்ந்தது. ஏறக்குறைய நூறு வருடம், மூன்று நாடு. பறவைகள் எல்லாம் திரும்பி வந்து சேரும்வரை நாட்டில் அமைதி இருக்காது என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனால் ஒரு கோரிக்கையை நூறு வருடம் மறக்காமல் வைத்திருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1986இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆனாலும் ஜிம்பாப்வே போகிற வெளிநாட்டவரில் பலர் மேற்கு எல்லையில் விக்டோரியா அருவியை மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள், இந்தப் பக்கம் வருவதில்லை. மே முதல் ஆகஸ்ட் வரை மழை இருக்காது, வெயிலும் குறைவு. குன்றுக்குக் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. பழைய பாதை பாறை இடுக்கில் புகுந்து போகும், சில இடத்தில் ஓர் ஆள் அகலம்தான். மேலே கிழக்கு அடைப்பில் இப்போது பறவைகள் இல்லை, நின்ற இடம் மட்டும் இருக்கும். அங்கிருந்து கீழே பார்த்தால் பெருமதில் முழு வட்டமாகத் தெரியும். இறங்கி அதற்குள் போனால், இரண்டு உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய நடைபாதை வளைந்து போய்க் கூம்பு வடிவக் கோபுரத்தில் முடியும். கோபுரம் சுமார் 10 மீட்டர். உள்ளே அறை இருக்கும், புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தவர்கள் உண்டு. அடிமுதல் முடிவரை கெட்டிக் கல்.

வெளியே வழியோரம் கையளவு மாக்கல் பறவைகள் விற்கும். வாங்கினால் சட்டைக்குள் வைத்துச் சுற்றி எடுத்துவாருங்கள், கீழே விழுந்தால் கழுத்துதான் முதலில் போகும்.

மூலச் சிலைகள் அங்கேயே உள்ள அருங்காட்சியகத்தில், விளக்கு மங்கிய ஓர் அறையில் இருக்கின்றன. உள்ளே போனால் முதலில் கொடிப் பறவையைத் தேடுவீர்கள். முகத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம், காசிலும் நோட்டிலும் பார்த்த முகம். அப்படியே கண்ணைக் கீழே இறக்குங்கள். கொடி வரைந்தவர்களுக்கு உச்சி மட்டும் போதுமாக இருந்தது. சின்னப் பீடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தூணில் பாதி வழியில், இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும் அந்த முதலையைக் கொடியில் பார்க்க முடியாது.